மைதீன் மாமா சொல்லாத வார்த்தை

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தங்கை கிருபையும் சுகம், அங்கே உன் சுகம் எப்படி என்று வழக்கம்போலத் தொடங்கி மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். "யாருக்கும்மா இவ்வளவு யோசிச்சு எழுதுறீங்க, கவர்னருக்கா?" என்று கிருபை கேலி செய்துவிட்டுப் போகிறாள். நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். மழை விட்டபாடில்லை. அடுப்படிக் கூரை ஒழுகுகிற இடத்தில் பெரிய செம்பை வைத்திருக்கிறேன். கோவிலில் உனக்கும் சாராளுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. உபதேசியார் உன் பெயரை வாசித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் மகன் பிரிந்து போகிற துக்கம் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். துக்கம் இல்லை, பயம். உன் கடைசிக் கடிதத்தில் இருந்த நான்கு வரி என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறது.

கையில் வெட்டுக்காயத்தோடு உன் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்த மூட்டைத் தொழிலாளி ஒருவர், மைதீன் மாமா ஊருக்குப் போகவே இல்லை, பினாங்கில்தான் இருக்கிறார், படகுத்துறை ஜெட்டிக்குப் பின்னால் சந்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். முதல் கல்யாணப் பத்திரிகையை அவருக்கே வைக்க வேண்டும் என்றாய். விருந்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "நல்லா படி என்று அவர் அன்றைக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தைதான் என்னைக் காயத்துக்குக் கட்டுப்போடுகிற ஒரு டிரெஸ்ஸராக நிறுத்தியிருக்கிறது" என்று சொல்லப்போவதாகவும் எழுதினாய். மகனே, அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. நான் இட்டுக்கட்டியது அது. இதை உன்னிடம் சொல்லாமல் உன்னை அந்தப் பந்தலில் எழுந்து நிற்கவிட்டால் நான் என்ன தாய்? அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். வாசித்து முடித்தபிறகு உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்தான்.

நம் வீட்டில் நன்றிக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை, உனக்கே தெரியும். மிஷன் போர்டிங் பள்ளியில் வளர்ந்தவள் நான். காலையில் கண் விழித்ததும் ஸ்தோத்திரம், சோற்றுத் தட்டு முன்னால் ஸ்தோத்திரம், மழை வந்தால் ஒன்று, நின்றால் ஒன்று. உங்கள் இரண்டு பேரையும் அப்படித்தான் பழக்கினேன். சாப்பிடும் முன்னால் ஆளுக்கு ஒரு காரியத்துக்காக நன்றி சொல்ல வேண்டும், சொல்லாதவர்களுக்குத் தட்டில் கை வைக்க அனுமதி இல்லை. நீ ஒரு வாரம் முழுக்கக் கத்திரிக்காய்க்காக நன்றி சொன்னாய். கத்திரிக்காய் என்றால் உனக்கு வாந்தி வரும் என்பது எனக்கும் தெரியும், கர்த்தருக்கும் தெரியும். ஆனால் சீக்கிரம் சாப்பிட வேண்டும், கண்ணில் பட்டது கத்திரிக்காய். உன் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். நான் அதைப் பக்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

நான் பழக்கியது போக, உனக்குள் தானாக இருந்த ஒன்றும் உண்டு. அதை நான் கவனிக்கவே இல்லை. உனக்கு நான்கு ஐந்து வயதிருக்கும். ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போதெல்லாம் அதை இழுத்து வந்த சீனக் கிழவருக்கு முன்னால் போய் நின்று, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, "தெரிமா காசி, ஆ பெக்" என்று மலாயில் நன்றி சொல்வாய். அவர் சிரிக்கும்வரை நகரமாட்டாய். தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவர், மீன்காரர், கோவில் மணி அடிக்கிறவர், ஒருவரையும் விடமாட்டாய். "கூட்டத்தில் நின்னு என்னடா பேச்சு, வா" என்று நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். ஒரு பக்கம் நன்றி சொல்லச் சொல்லித் தலையில் குட்டினேன், மறுபக்கம் தானாகச் சொல்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளை வளர்க்கிற லட்சணம் அப்படி இருந்தது.

உனக்கு எட்டு வயதானபோது நடந்தது உனக்கும் கொஞ்சம் நினைவிருக்கும். அக்கரையில் பாகான் டாலாமில் இருந்த உன் அத்தை வீட்டுக்குப் போகக் கிளம்பினோம். அப்பாவுக்குக் கோடவுனில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை, லீவு கிடைக்கவில்லை; கிருபையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும்தான் போனோம். ஜெட்டியில் படகுக்காகக் காத்திருந்த நேரத்தில், கரையோரமாகக் கட்டியிருந்த தொங்கான் என்கிற சரக்குப் படகுகளைப் பார்க்க நீ ஓடினாய். மழையில் கல் வழுக்கிக் கிடந்தது. நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் நீ இல்லை. தொங்கானுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இருந்த கறுப்புத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. தொங்கானில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு வினாடி யோசிக்காமல் குதித்தார். கூட இருந்தவர்கள் "மைதீன்! மைதீன்!" என்று அலறினார்கள். அலையில் தொங்கான் கரைக்கு வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது. அவர் உன்னை மேலே தூக்கிப் படியில் போட்டதை மட்டும்தான் நான் கண்டேன். உன்னைச் சேலையில் சுற்றி, "கர்த்தாவே உமக்கு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கத்திக்கொண்டே ரிக்‌ஷாவில் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் சட்டையைக் கழற்றினால் அதன் முதுகுப் பக்கமெல்லாம் ரத்தம். உன் உடம்பில் தேடு தேடென்று தேடினேன், ஒரு கீறல்கூட இல்லை. அது அந்த மனிதருடைய ரத்தம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மகனே. தெரிந்தும் சட்டையைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை. கோழிக்கூண்டில் இருந்ததிலேயே பெரிய சேவல், ஒரு தார் வாழைப்பழம், உனக்குப் புதுச் சட்டை. உபதேசியார் எழுந்து, கடலில் விழுந்த தங்கள் குமாரனைக் கர்த்தர் தமது சொந்தக் கரத்தால் தூக்கி எடுத்தார் என்று கிராணியார் குடும்பத்தார் நன்றியோடு செலுத்துகிறார்கள் என்று வாசித்தார். எழுதிக் கொடுத்தது நான்தான். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து நீ என் சேலையை இழுத்து, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "அம்மா, அது கர்த்தர் கை இல்லம்மா. அந்த மாமா கை. மோதிரம் போட்டிருந்துச்சு" என்றாய். பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். நான் உன் தொடையில் கிள்ளினேன். சாயங்காலம்வரை அந்த இடம் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்தும் நீ விடவில்லை. "அந்த மாமாவுக்கு யாரு நன்றி சொன்னா?" என்று கேட்டாய். மனுஷனுக்கு இல்லை, மகிமை எல்லாம் கர்த்தருக்குத்தான் என்றேன். "கர்த்தர்கிட்ட சொன்னா அந்த மாமாவுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாய். வாயை மூடிக்கொண்டு போய் விளையாடு என்றேன். உன் அப்பாவும், "அந்த ஆளைப் போய்ப் பார்க்கணும், நாளைக்கு நான் போறேன்" என்றார். வேண்டாம், பெற்றவள் நான் போவதுதான் முறை என்று சொல்லித் தடுத்தேன். ரத்தக்கறையைக் கண்டவள் நான் ஒருத்திதான். அவர் போனால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம்.

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது ஓடி வந்து உன் பிஸ்கட் தகரத்தை என் கையில் கொடுத்தாய். ஓய்வுநாள் பள்ளியில் பரிசாகக் கிடைத்த, மூடியில் கப்பல் படம் போட்ட தகரம். கிருபை அதைத் தொட்டாலே அடிதடி நடக்கும். உள்ளே என்ன வைத்தாய் என்று நான் பார்க்கவில்லை, கலகலவென்று சத்தம் கேட்டது. "மாமாகிட்ட நான் கொடுத்தேன்னு சொல்லுங்க. அவர் என்ன சொல்றாருன்னு கேட்டுக்கிட்டு வாங்க" என்றாய். ஜெட்டியில் விசாரித்து, சூலியா தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது. வாசலுக்கு நேராக அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை துணிக்கட்டு. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்குகிற அவ்வளவு பெரிய ஆள், பிள்ளைபோல வாயைத் திறந்து காத்திருந்தார். நான் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உள்ளே போய் என்ன சொல்வது? என் பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை, நேற்றுச் சேவல் கொடுத்து ஸ்தோத்திரம் பண்ணினோம் என்றா? திரும்பி நடந்துவிட்டேன்.

தகரத்தை ட்ரங்குப் பெட்டியில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். பள்ளிவிட்டு வந்ததும் வராததுமாக நீ கேட்டாய், "கொடுத்தீங்களா?" கொடுத்தாச்சு, ரொம்பச் சந்தோஷப்பட்டார் என்றேன். "என்ன சொன்னாரு?" அந்த ஒரு கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. உன் கையில் சிலேட்டு இருந்தது. "நல்லா படின்னு சொல்லச் சொன்னார்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அதுவரை வாய்ப்பாடு என்றால் வயிற்றுவலி வந்துகொண்டிருந்த பிள்ளை, அன்றிலிருந்து புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டாய். பரீட்சைக்கு முன்னால் "மைதீன் மாமா சொல்லியிருக்கார்" என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவேன். உன் ஜெபத்திலும் அவர் பெயர் வரும். ஒரு விடுமுறையில் அவரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். முதல் பொய்யைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது.

உன் அப்பாவும் இந்தப் பொய்யை நம்பியே கண்ணை மூடினார். அவரிடம் நான் பட்ட கடன் ஒன்று இல்லை, இரண்டு இல்லை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து, நான் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து அடுப்பை ஊதி எனக்குக் காப்பி போட்டுத் தந்தவர் அவர். இந்த ஊரில் எந்த வீட்டில் ஆண்பிள்ளை அடுப்பு ஊதினான் சொல்? நான் அந்தக் காப்பியைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் குடிப்பேன். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, கர்த்தர் காப்பி போடுறாரு சரி. புகையில கண்ணு எரியுறது எனக்குல்லா?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன், அதற்குப் பிறகாவது அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் படுக்கையில் விழுந்து பேச்சு நின்றபிறகுதான் சொன்னேன். அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் காலையில், பெட்டியைத் திறந்து தகரத்தை எடுத்தேன். கப்பல் படத்தில் துருப் பிடித்திருந்தது. பத்திரிகையையும் தகரத்தையும் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். பதினாறு வருஷத்தில் அந்தச் சந்து மாறவே இல்லை. அவர் வாசலிலேயே உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். சாக்கை முழங்காலுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, கோணியூசியை இடது கையால் ஓட்டுகிறார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. தாடி நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா, யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"நானா, நான்... ஜெட்டியில விழுந்த பையனோட அம்மா" என்றேன். அவர்கள் ஆட்கள் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஊசி நின்றது. "பையன் நல்லா இருக்கானாம்மா?" என்று கேட்டார். முதல் வார்த்தையே அதுதான். அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு அவர் மனைவி சுபைதா வெளியே வந்தார். விவரம் தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் விரலில் ஒரு பெரிய வெள்ளி மோதிரம் இருந்தது, ஆண்பிள்ளை மோதிரம்.

"பதினாறு வருஷம் கழிச்சுத்தான் உங்களுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார் சுபைதா.

"சும்மா இரு" என்றார் அவர்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? கை போனதுக்கு நான் அழலம்மா. கடல் தொழில்ல கை போகும், கால் போகும், ஆளே போவாங்க. ஒரு புள்ளைய காப்பாத்தின கை, அது போனா போகட்டும். ஆனா பெத்தவ ஒருத்தி வந்து, இப்ப எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. அதுக்குத்தான் நான் அழுதேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க கோயில் மணி கேக்கும்போதெல்லாம் உங்களத் திட்டியிருக்கேன்."

நான் அப்போதே ஒருநாள் வந்தேன் என்று சொன்னேன். நீங்கள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றேன், பார்த்துவிட்டுப் பயந்து திரும்பிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். சுபைதா என்னை உற்றுப் பார்த்தார். "அது நீங்கதானா? கறுப்புக் கரை போட்ட சேலை. வாசல்ல யாரோ நின்னுட்டுப் போறாங்கன்னு இவர்கிட்ட சொன்னேன். வீடு தேடி வந்தவங்களா இருக்கும், வழி தவறிட்டாங்கன்னு இவர் சொன்னார்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

நான் தகரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பொய் சொன்னது, நீ நம்பியது, படித்தது, டிரெஸ்ஸர் ஆனது, பந்தலில் நீ சொல்லப்போவது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் இரண்டு விரலால் மூடியை அழுத்திப் பிடித்து இடது கையால் திறந்தார். ஆறு கோலிக்குண்டு, ஒரு பம்பரம், பாதிப் பென்சில். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லா படின்னு நானா சொன்னேன்? எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதும்மா. கை இருந்தப்பவே தெரியாது! நான் எதாச்சும் சொல்லியிருந்தா, ஜெட்டியில ஓடாதலா, முட்டாப்பயலேன்னுதான் சொல்லியிருப்பேன்." அவர் சிரிக்க, அழுதுகொண்டே நானும் சிரித்தேன். ஒரு கோலியை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டு, அது போய்ச் சுவரில் முட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபைதா தேநீரோடு வந்தார். கோப்பையை என் முன்னால் வைத்தார். பத்திரிகையைக் கொடுத்து இரண்டு பேரும் வரவேண்டும் என்று கேட்டேன். விருந்துக்கு உங்கள் ஆள் ஒருவரையே சமைக்கச் சொல்கிறேன், நீங்கள் தயங்காமல் சாப்பிடலாம் என்றேன். (மகனே, பேசி வைத்திருந்த சமையல்காரரை மாற்றிவிட்டேன், சாராள் வீட்டில் கேட்டால் என் பெயரைச் சொல்.) "நான் வர்றேன். கோயில் முடியிறவரைக்கும் வெளியில நிப்பேன், பந்திக்கு முதல் ஆளா உக்காருவேன்" என்றார் அவர். சுபைதாவைப் பார்த்தேன். "நான் யோசிக்கணும்" என்றார். அவர் யோசிக்கட்டும், மகனே. பதினாறு வருஷக் கோபத்தை ஒரு கோப்பைத் தேநீரில் கரைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போவேன், அதற்கு அடுத்த வாரமும் போவேன். பத்திரிகைக்காக இல்லை. அந்தக் கை எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னபோது வராத நன்றி, அந்தச் சேற்றுச் சந்தில் வந்தது. கர்த்தரின் கரம் என்றால் ஏதோ வானத்திலிருந்து தனியாக நீண்டு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கை மைதீனுடையது. அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் நான் அவரை எப்படித் துதித்தேனோ தெரியவில்லை. உன்னை உயிரோடு என் கையில் திருப்பிக் கொடுத்ததற்காக இன்றுதான் முழுதாக நன்றி சொல்கிறேன். உன் அப்பாவுக்காகச் சொல்கிறேன். எட்டு வயதில் நீ கேட்ட கேள்விக்காகவும் சொல்கிறேன், அதற்குப் பதிலாக நான் கிள்ளியதை நீ மன்னிக்க வேண்டும். பிள்ளைக்கு நன்றி கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உனக்கு அது தெரிந்தே இருந்தது.

கல்யாணம் பண்ணப் போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் விடுவாளா அம்மா என்று சிரிக்காதே. சாராள் உனக்கு ஒரு தட்டுச் சோறு வைத்தால், முதலில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அதற்குப் பிறகு கண்ணை மூடு. அதுவரை கர்த்தர் பொறுத்துக்கொள்வார், அவருக்கு அவசரம் இல்லை. அவள் கை வலித்தால், தலை வலித்தால், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேள். எத்தனையோ பேர் கைக்குக் கட்டுப்போடுகிறவன் நீ, உனக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குப் பிள்ளை பிறந்து அது யாரையாவது பார்த்துத் தானாக நன்றி சொல்லிக்கொண்டு நின்றால், உனக்கு எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அது பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டிரு. சாப்பாட்டுக்கு முன்னால் நான் வைத்த சட்டத்தை உன் வீட்டில் வைக்காதே. கத்திரிக்காய் பிடிக்காத பிள்ளை பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். உனக்கு நன்மை செய்த ஒருவருக்கு அதனால் ஒரு கஷ்டம் வந்தது என்று தெரிந்தால், அன்றைக்கே போ. ஒருநாள் தள்ளிப்போட்டால் மறுநாள் போவது இரண்டு மடங்கு கஷ்டம். எனக்குப் பதினாறு வருஷம் ஆனது.

பந்தலில் எழுந்து நின்று என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உன் அம்மா பொய் சொன்னாள் என்று நீ சொன்னாலும் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகமாட்டேன். கோவிலில் வாசிக்கிற ஸ்தோத்திரச் சீட்டை இந்த முறை நான் எழுதவில்லை. மைதீனின் பெயரைச் சேர்த்து நீயே எழுதி உபதேசியாருக்கு அனுப்பு. இவ்வளவு நாள் நீ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வார்த்தையை உன்னிடமிருந்து பிடுங்குகிறேனே என்பதுதான் எனக்கு வேதனை. ஆனால் படித்தது நீதான். வார்த்தை பொய்யானாலும் உன் படிப்பு பொய் இல்லை.

கிளம்பும்போது மைதீனிடம் ஒன்று கேட்டேன். "நானா, அன்னைக்கு அவன் நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னான். நான் கேட்கல. இன்னைக்குக் கேட்கிறேன். என்ன சொல்லணும்?" சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். சுபைதா நிலைப்படியில் சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறேன்:

"எங்களுக்குப் புள்ளை இல்லம்மா. தண்ணிக்குள்ள உங்க மவன் என் கழுத்தக் கட்டிக்கிட்டான் பாருங்க, விடவே இல்ல, படியில போடறப்ப நான்தான் அவன் கையப் பிரிச்சு எடுத்தேன். அப்படி ஒரு புள்ளை என்னைக் கட்டிக்கிட்டது அந்த ஒரு தடவைதான். அதுக்கு நான் தினமும் தொழுகையில அல்லாவுக்கு ஷுக்ரு சொல்றேன், உங்க ஸ்தோத்திரம் மாதிரி. அவன்கிட்டத்தான் சொல்ல முடியாம இருந்துச்சு. சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன்.

உன் அம்மா